சிவப்பு நழுவிய பிரதி

பூதக்கண்ணாடியை எடுக்குமுன்
மோந்து பார்ப்பேன்.
ரங்கூன் மழையை நாற்பது வருஷம் குடித்த தாளில்
புளித்த நெடியொன்று இருக்கும்,
மூடிவைத்த மொகிங்காச் சட்டிபோல.
தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழுப்பேற்றியதென்றால்
எத்தனை வெயில் காட்டினாலும் தேயிலைதான்.

அப்புறம் கம்பி.
துரு தாளுக்குள் இறங்கி
மறுபக்கத்தில் இன்னொரு கம்பியாகத் தெரியவேண்டும்.
மேலோடு நின்றிருந்தால்
அது யாரோ உப்புநீரில் ஊறப்போட்ட அவசரம்.

அப்புறம் முத்திரை.
வாடகைக்கு விட்ட கடைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்.
மாந்தளைக்காரர் எட்டாம் பக்கத்தில் குத்துவார், கோணலாக.
கம்மண்டைன் டோ ச்சோ
கடைசிப் படத்தில், நாயகன் முகத்தின் மேலேயே குத்துவாள்.
முடிவு பிடிக்கவில்லையாம், எந்தக் கதையிலும்.

மேலட்டை கடைசியில்தான்.
'மழைக்குதிரை' ஏழாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.
அந்த அச்சகத்தில்
சிவப்பு மட்டும் ஒரு நூல் வலப்பக்கம் நழுவும்.
நாயகியின் உதட்டுச்சாயம் கன்னத்தில் இருக்கும்.
குதிரைக்குப் பட்ட காயம்
குதிரையை விட்டுத் தள்ளிக் காற்றில் இரத்தம் வடிக்கும்.
அந்தப் பிசகுதான் அசல்.
உதட்டில் சரியாக உட்கார்ந்திருந்தால்
கொடுத்த காசைத் திரும்ப வாங்கிக்கொள் என்பேன்.

முப்பத்தேழாம் தெருவில் என் சொல்லுக்கு விலை உண்டு.

நேற்று கோ தெட் நாவுங் வந்தான்.
கையில் வெள்ளைக் கையுறை,
நாலு பக்கம் தட்டச்சு செய்த வம்சாவளி.
முதலில் தணிக்கை அலுவலர் ஒருவரின் அலமாரி,
அவரிடமிருந்து மோல்மேன் பல் வைத்தியருக்கு,
வைத்தியர் விதவையிடமிருந்து இவனுக்கு.
'இடச்சிவப்பு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.
கல்லை மாற்றிப் பூட்டிய ஒரே நாளில் அச்சானதாம்.
உலகத்தில் இரண்டே இரண்டு.
சிங்கப்பூரில் ஒருவர் பணத்தோடு காத்திருக்கிறார்,
உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, அண்ணே.

பிரித்தேன்.

வாடகைக் கடைகள் அந்நாளில் மேலட்டையைக் கிழித்தெறிந்து
சவுக்காளத் துண்டு போல் தடித்த அட்டை தைப்பார்கள்.
தலையில்லாத உடல்கள் என்னிடம் கட்டுக்கட்டாய் இருந்தன.
தலை ஒன்று
ஒரே ஓர் இரவுக்கு இரவல் கிடைத்தது.
கறுப்பு முடித்தேன், நீலம் முடித்தேன்.
தெருவில் மின்சாரம் போயிற்று.
விடியலில் சொந்தக்காரன் வந்து வாங்கிப்போனான்.
சிவப்பை ஞாபகத்திலிருந்து வைத்தேன்.
நழுவும் என்பது ஞாபகம் இருந்தது.
எந்தப் பக்கம் என்பது இல்லை.

கண்ணாடி வழியே என் புள்ளிகள்.
ஊசிமுனையால் வைத்தவை,
கீழ்மூலையில் அலுத்துப்போய்ப் பெரிதாகின்றன.
தேய்ந்த கல்லின் அடையாளம் என்கிறது வம்சாவளி.

மோந்து பார்த்தேன்.
தேயிலை இல்லை. போயே போய்விட்டது.
புளித்த நெடி.
நான் உப்பில் ஊறவைத்த கம்பியை
முப்பது மழை ஊறவைத்திருக்கிறது, பொறுமையாய்.
துரு மறுபக்கம் இறங்கிவிட்டது.
பூச்சி நேர்மையாகத் தின்றிருக்கிறது.
என் சட்டங்கள் எல்லாவற்றிலும் தேறிவிட்டது,
அந்த உதட்டில் தவிர.

"இரண்டுதானே அண்ணே?"

"இரண்டுதான். எழுதித் தருகிறேன்."

அதை மட்டும் எழுதினேன்.
அசல் என்ற வார்த்தையை அவன் கேட்கவில்லை,
நானும் போடவில்லை.
கட்டணம் வேண்டாமென்றதும் பெருந்தன்மை என்று நினைத்துக்
கும்பிட்டுப் போனான்.

செய்தது மூன்று.
மூன்றாவதற்குள் கை பழகிவிட்டது.
சிவப்பு உதட்டில் கச்சிதமாய் விழுந்தது,
காயம் குதிரையின் மேல்.
பான்சோடான் நடைபாதையில் ஒரு மழைக்காலம் பூராவும் விரித்துப் பார்த்தேன்.
எடுத்தவர்கள் எல்லாரும்
என்னைப்போலவே
ஒருமுறை உதட்டைப் பார்த்துவிட்டு
வைத்துவிட்டுப் போனார்கள்.