சீ.ஆர். கொப்பி

இந்த உடம்புக்கு முதல் தடவை காசு சேர்த்தது
கொட்டாஞ்சேனையில், ஒரு வாடகை மண்டபத்தில்.
எனக்குப் பதின்மூன்று வயது.
வாசலில் மேசை போட்டு மாமா எழுதினார்:
ஜம்பட்டா வீதி கணேசலிங்கம், ஐந்நூறு.
லொன்றி பேர்னாட், முந்நூறும் ஒரு சில்வர் குடமும்.
பக்கத்தின் மேலே கொட்டை எழுத்தில்
ஒரு பெண்பிள்ளையின் பெயர்.
அதை இங்கே எழுதப் போவதில்லை.

சாமத்திய வீட்டு வசூலில் அம்மா சங்கிலி வாங்கினா.
இரண்டேகால் பவுண்.
அது வந்து கிடந்த நெஞ்சைத்தான்
பிறகு பதினாறு வருடம் இறுக்கிக் கட்டினேன்.

புறக்கோட்டையில் போன் திருத்துகிறேன்.
கடை மின்விசிறி என் மூலைக்குத் திரும்பாது.
பெனியன், அதன்மேல் பெல்ட், அதன்மேல் சட்டை.
சித்திரை வெயிலில்
மூச்சையும் சில்லறை பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.
டாக்டர் சொன்ன ஒன்பது லட்சத்தை
டிஸ்பிளேயாக மாற்றிப் பார்த்தேன்:
அறுநூறு உடைந்த கண்ணாடி.
கொழும்பு முழுக்கக் கைதவறினாலும்
எனக்கு மட்டும் அறுநூறு வராது.
பெரியாஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை.
திகதியும் தரவில்லை.

மருதானையில் பன்னிரண்டு பேர் சீட்டுப் போட்டோம்,
மாதம் இருபத்தையாயிரம்.
பிஸ்கட் டின்னில் குலுக்கியதில்
முதல் துண்டு மேர்சி அக்காவுக்கு.
கன்னத்தைத் தடவிப் பார்த்தா.
"என்ட தாடி எங்கயும் ஓடாது, தம்பி.
பொறுமையான சாமான். நீ எடு."
தம்பி என்ற சொல்லுக்கு அவ
ஒருநாளும் வட்டி கேட்டதில்லை.

ரொறொன்ரோ மச்சான் இணையத்தில் உண்டியல் திறந்தான்.
"கொஞ்சம் அழுகிற மாதிரி எழுது, நிரூபன்,
அப்பதான் ஆக்கள் தருவினம்."
இரண்டு இரவு முயன்றேன். வந்தது இவ்வளவுதான்:
காலிமுகத்திடலில் காற்றடிக்கும்போதெல்லாம்
சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.
ஒருநாள் கையை விட வேண்டும்.

நோர்வேயிலிருந்து யாரோ பத்து டொலர்.
பெயர் வேண்டாமென்று ஒருவர் நூறு.
பழைய டியூசன் சேர் ஐயாயிரம் போட்டார்,
கூடவே திருந்தச் சொல்லி ஒரு வேத வசனம்.
இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

சங்கிலியைக் கேட்டு நான் போகவில்லை.
ஞாயிற்றுக்கிழமை அம்மாவே வந்தா,
பஸ்ஸில், குடையும் பழைய கொப்பியுமாக.
கண்ணாடியைப் போட்டு
ஒவ்வொரு பெயருக்கும் விரல் வைத்தா.
பக்கத்தில் சிவப்பில் ஒரு சரி.
"கணேசலிங்கத்தின்ட மகளின்ட கலியாணத்துக்கு
ஆயிரம் செய்தாச்சு.
பேர்னாட்டின்ட செத்தவீட்டில பெட்டிக்காசு பாதி.
எல்லாருக்கும் திருப்பிச் செய்தாச்சு.
இதில ஒருத்தருக்கும் பாக்கியில்லை."
சங்கிலியைக் கொப்பியின் மேல் வைத்தா.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றா.

செட்டியார் தெருவில் தராசுக்காரர் கேட்டார்:
"அடைவோ, விக்கிறதோ?"
அடைவென்றால் ஒருநாள் மீட்க வேண்டும்.
"விக்கிறது."
அடையாள அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
திரும்ப அட்டையை.
"தங்கச்சியின்டயோ?"
"ஓம்," என்றேன்.
"அவ இனிப் போடமாட்டா."

இன்னும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வேண்டும்.

கொப்பியின் பின்பக்கம் பதினொரு தாள் வெறுமை.
அடிமட்டம் வைத்துக் கோடு கீறி
எழுதத் தொடங்கியிருக்கிறேன்:
மேர்சி அக்கா, தன்ட முறை.
நோர்வே, பத்து டொலர்.
டியூசன் சேர், ஐயாயிரமும் வசனம் ஒன்றும்.
சிவப்புப் பேனை ஒன்று
தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.