இடது முட்டி

பாரீஸில் யாரோ பென்சில் சீவியிருக்கிறார்கள்.
அதன் கூர்
மிரென் இடுகாட்டில் என் கையில்
சுண்ணாம்பு வாளியாய்க் கனத்தது.

செப்டம்பர், நாற்பத்தேழு.
தச்சன் லொய்ஸேயின் சமாதிமேல் கோடிழுத்தேன்:
தலை இத்தாலிக்கு,
கால் யுகோஸ்லாவியாவுக்கு.

டேலியாக் கொத்தோடு நின்ற யுஸ்தினா
அழவில்லை.
"மழைக்கு முன்னாலேயே வலிக்குமே
அவருடைய இடது முட்டி,
அது யார் பங்கு?"

"எங்களுடையது" என்றேன்,
இருபது வயது மிடுக்கில்.

"அப்படியானால் பத்திரம்.
பேரரசருக்காகக் கலீசியாவில் வாங்கிய குண்டு
இன்னும் உள்ளே கிடக்கிறது.
அப்புறம் எங்கள் வாசலில்
நாலு கொடி மாறிவிட்டது;
ஒருத்தரும் எடுத்துத் தரவில்லை."

கோடு காயவில்லை.
மிதித்துக் கடந்தாள்.
ஒற்றைச் செருப்பின் வெள்ளைத் தடம்
இத்தாலிக்குள் பத்தடி போய் மங்கியது.

அறிக்கையில் அதை
நான் எழுதவில்லை.