கலுங்கு

கடை ஷட்டரில்
மூன்று நாள் விடுமுறை என்று ஒட்டினோம்.
காரணம் எழுதவில்லை.
கல்யாணமா, துக்கமா என்றார்
எதிர்க்கடை பேக்கரிக்காரர்.
"சைக்கிள்" என்றான் அடைக்கலம்.
மீதியையும் சொல்வான் என்று
அவர் காத்துக்கொண்டே நின்றார்.

பதினாறு வருடம் செராக்ஸ் மெஷினுக்கு
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
நின்று பழகிய நாலு கால்கள்.
கோட்டையூரில் என்னுடையவை வலித்தன,
பள்ளத்தூரில் அவனுடையவை.
டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம்.
கேஸ் சிலிண்டர் கட்டிய மொபெட் ஒன்று
எங்களை முந்திப் போனது,
இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்தது,
அடுத்த சிலிண்டரோடு மறுபடி முந்தியது.
மூன்றாம் முறை அந்தப் பையன்
கையசைத்தான், சொந்தக்காரன் போல.

கானாடுகாத்தானில்
ஒரு வீட்டின் பக்கச்சுவரைக் கடக்க
நாற்பத்தேழு மிதி.
முகப்பு ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்,
நடுவில் எத்தனை பூட்டோ.
எங்கள் வீடு அவன் கேரியரில் இருந்தது.
மூன்றரைக் கிலோ, பச்சை நிறம்,
பூட்டுக்குப் பதில் ஜிப்பு,
அதுவும் பாதியில் சிக்கும்.

கடியாபட்டிக்கு மண்பாதையில் திரும்பினோம்.
தைலமரக் காட்டில் நிழலுக்கும் காய்ச்சல் மருந்து மணம்.
முந்திரித் தோப்பு முடிந்த இடத்தில்
சீமைக் கருவேல முள்
என் பின்சக்கரத்துக்குள் போய்விட்டது.

கண்மாய்த் தண்ணீரில் ட்யூபை முக்கி
குமிழி வரும் இடத்தைத் தேடினான்.
"இங்க அழுத்திப் பிடி. நூறு எண்ணு."
பசை வாடை, என் கட்டைவிரல்,
அதன் மேல் அவன் கட்டைவிரல்.
வாய்க்குள்ளேயே எண்ணினோம்.
நான் நூறு என்றபோது
அவன் எழுபத்திரண்டில் இருந்தான்.
காசு எண்ணுவதிலும் இப்படித்தான் என்று
ஒரு வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது.
கொக்கு ஒன்று எழுந்து
இடம் மாறி உட்கார்ந்தது.
நூறிலேயே நின்றேன்,
அவன் வந்து சேரும் வரை.

இருட்டுவதற்குள் கலுங்கை ஒட்டிக் கூடாரம்.
இந்த வருஷம் தண்ணீர் தாண்டாத கலுங்கு;
பகலெல்லாம் வெயில் குடித்த கல்
முதுகுக்கு இதமாக இருந்தது.
பொடி தடவிய இட்லி பதினொன்று.
கடைசி இட்லியை யார் தின்பது என்று
வெகுநேரம் மரியாதை காட்டிக்கொண்டோம்.
எறும்புகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

பத்து மணி இருக்கும்,
டார்ச் வெளிச்சம் துணி வழியாக உள்ளே வந்தது.
"யாருப்பா அது? மீனுக்கு வந்த ஆளா?"
குத்தகைக் கண்மாய். காவல்காரர். கையில் கம்பு.
அடைக்கலம் ஜிப்போடு போராடி
கிடைத்த இடைவெளியில் நீட்டினான்
எங்கள் ஆதார் நகல்கள் இரண்டை,
முன்னும் பின்னும், லேமினேஷனோடு.
அவர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.
"வீட்டுல சண்டையா?"
"வீட்டுல அதுக்கு நேரம் கிடைக்கலைங்க" என்றேன்.
அவர் சிரிப்பு கரையோடு கொஞ்ச தூரம் போனது.
பிறகு இருட்டிலிருந்து:
"விரியன் கிடக்கும். காலைல
செருப்ப உதறிட்டுப் போடுங்க."

அதன்பின் தூக்கம் ஏது.
எங்கோ மயில் அகவியது.
ராமேஸ்வரம் போகும் ரயில்
தன் ஜன்னல்களைத் தண்ணீரில் வரிசையாக வைத்து
உடனே எடுத்துக்கொண்டது.
"எத்தனை பெட்டி?" என்றான்.
"பதினேழு."
"பதினாலு."
"சரி, பதினாலு" என்று நான் சொன்னதில்
பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தான்,
காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

விடிந்தபோது என் பின்சக்கரம்
தரையோடு தரையாக இருந்தது.
பம்பை எடுக்கப் போனவனை
வேண்டாம் என்றேன்.
இரண்டு சைக்கிளையும் உருட்டிக்கொண்டு
கரை மேல் நடந்தோம்,
அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம்,
நடுவில் இரண்டு ஹேண்டில்பார்கள்
அடிக்கடி இடித்துக்கொண்டன.
எதிரே காவல்காரர்.
வாளியில் நாலைந்து கெண்டை துள்ளின.
சக்கரத்தைப் பார்த்தார்,
கால்களைப் பார்த்தார்.
"உதறினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.