மியூட்

செவ்வாய் இரவு எட்டரை. தெமட்டகொடையில் மழை.
போர்டிங் அறையில் யன்னலுக்குக் கீழேதான் சிக்னல்,
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருக்கிறேன்.
நாற்பது நிமிடத்தில் தானாக அறுந்துவிடும்
இலவச அழைப்பு.

திரையில் ஸனூஸியா அக்கா.
படிவத்தில் நான் வழிகாட்டி, அவ புதிய ஆள்.
எனக்கு இருபத்தாறு. அவவுக்கு முப்பத்தைந்து,
ஓட்டமாவடியில் இரண்டு பிள்ளைகள்,
றியாத்தில் யாருடையவோ வீட்டுத் தரையில் ஆறு வருசம்,
அதற்குப் பிறகு படித்து எடுத்த வெள்ளைச் சட்டை.
நாரஹேன்பிட்டியில் ஒரே ஆஸ்பத்திரி,
அவ ஐந்தாம் மாடி, நான் இரண்டாம் மாடி.
இன்னும் நேரில் கண்டதில்லை.
லிஃப்டில் கண்டிருக்கலாம். முகக்கவசம்.

இன்றைய தலைப்பு என்று அனுப்பியிருக்கிறார்கள்:
'நோயாளியுடன் தொடர்பாடல்.' பன்னிரண்டு ஸ்லைட்.
முதலாவதில் சிரிக்கிற தாதி, வெளிநாட்டுப் பல்.
போன கிழமை அவ கேட்டது எதுவும் இதில் இல்லை:
ராத்திரி டியூட்டி முடிந்தால் எந்த வாசலில் த்ரீவீல் நிற்கும்,
தொழுகைக்கு லினன் அறைச் சாவியை யாரிடம் கேட்பது,
டொக்டர் கத்தினால் கையை எங்கே வைத்துக்கொள்வது.
ட்ரேயின் அடியில் என்று சொன்னேன்.

மூன்றாம் ஸ்லைடில் மறித்தா.
"தங்கச்சி, நேத்து ஒண்டு நடந்திச்சு."

ஒன்பதாம் கட்டில். காலிப் பக்கத்து பஸ் கண்டக்டர்.
விடிய ஆறரை.
"ஹத்தி, மிஸ்... ஹத்தி" என்றாராம்.
அவவின் சிங்களம் பஸ் போர்டுகளில் பொறுக்கியது.
ஹத என்றால் ஏழு.
மணி கேட்கிறார் என்று நினைத்து
சுவரைப் பார்த்து,
பிழைவிடக் கூடாதென்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து
"ஹயயி திஹயி, மாத்தயா" என்றாவாம்.
ஆறு முப்பது, ஐயா.
அவர் தலையாட்டினாராம்.

அந்தத் தலையாட்டல்தான் அவவுக்குத் தாங்கவில்லை.
மூச்சு முட்டுகிற மனிசன்
மணி சொன்னதற்கு மரியாதை செய்திருக்கிறார்.

ஹத்தி என்றால் இளைப்பு.
சிஸ்டர் வந்து உதட்டின் நீலத்தைக் கண்ட பிறகுதான்
ஒட்சிசன், ஓட்டம், எல்லாம்.
ஆள் தப்பிவிட்டார். மத்தியானம் கஞ்சியும் குடித்தார்.
"ரெண்டும் ஒரு மாதிரித்தானே கேக்குது, தங்கச்சி."

என்னிடம் ஒன்பது ஸ்லைட் மிச்சம்.
எதையும் தள்ளவில்லை.
தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன்,
ஒருவருக்கும் சொல்லாததை:
வேலைக்கு வந்த மூன்றாம் மாதம்
பதினொன்றாம் கட்டிலின் இன்சுலினை ஊசியில் ஏற்றி
பன்னிரண்டின் கையைத் துடைத்துவிட்டேன்.
பஞ்சின் குளிர் பட்டு அந்த மனிசி கண் திறந்து
எனக்குச் சீனி இல்லையே மகள், என்றா.
அவ்வளவுதான். அவ நித்திரையாகவே இருந்திருந்தால்
என்பதை
ஹட்டன் பஸ்ஸில் போகும்போதெல்லாம்
வட்டவளை வரும்வரை நினைப்பேன்.

நிமிர்ந்தேன்.
அவ காதைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்திருந்தா.
"மியூட்ல இரிக்கீங்க தங்கச்சி. ஒண்டும் கேக்கல்ல."

மைக்கைத் திறந்தேன்.
மழைதான் உள்ளே போயிருக்கும்.
"இல்லக்கா, சிக்னலைப் பற்றிச் சொன்னேன்," என்றேன்.
வழிகாட்டி.
மூன்று நிமிடம் மிச்சமிருந்தது,
அதில் ஸ்லைடுகளை ஓடவிட்டேன், பல் பல்லாக.
பிறகு அறுந்தது.

படிவம் வந்தது: புதியவர் வேலைச் சூழலுக்கு
எவ்வளவு இசைந்துள்ளார், ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.
விரல் நின்றது.
அவவுக்கா கேட்கிறார்கள், எனக்கா.

பதினொரு மணிக்கு, போர்வைக்குள்,
பக்கத்துக் கட்டில் பிள்ளை எழும்பாத குரலில்
குரல்செய்தியாக அனுப்பினேன் முழுவதையும்.
ஒரு நிமிடம் பன்னிரண்டு செக்கன்.
அவ நைட். பார்க்க நேரம் வராது என்று படுத்தேன்.

விடிய நாலே காலுக்கு இரண்டு சரியும் நீலம்.
அழித்து அழித்து எதையோ எழுதிக்கொண்டிருந்தா.
கடைசியில் வந்தது:

"ஒம்பதாம் கட்டில் இப்ப நல்ல நித்திர.
போய் மூச்சைப் பாத்துட்டு வந்தன்.
பன்னெண்டையும் பாத்தன்.
இஞ்ச பன்னெண்டில ஆளில்ல, சும்மா பாத்தன்."