பூட்டு எண் பதினான்கு

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வரைபடம் கேட்டிருக்கிறார்கள்.
ஐந்து வருடம், நான்கு நிறம்.

கண்ணாடி கிழித்த கைகள் குறைந்திருக்கின்றன.
புதுக் கையுறைக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை.
குப்பைப் பைக்குள்ளிருந்து குத்திய ஊசிகளும் குறைவு.
பின்னோக்கி வந்த லாரி இடித்தது போன வருடம் ஒன்று.
அந்த ஒன்றின் பெயர் தைஸ்தோ.
அட்டவணையில் பெயருக்குக் கட்டம் கிடையாது.

தீ மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.
ஏழு, பதினொன்று, பத்தொன்பது.
யாரோ இழுத்து முடித்த இ-சிகரெட்,
திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை,
நடந்தால் மின்னும் குழந்தைச் செருப்பு,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் நகத்தளவு பேட்டரி.
இயந்திரம் நசுக்கியதும்
அட்டைக் குவியலின் அடியில் ஒரு சீறல்.
'முன்பெல்லாம் குப்பை செத்துப்போய் வரும்,
இப்போது பாதி உயிரோடு வருகிறது'
என்கிறான் யார்க்கோ.
அதை ஸ்லைடில் போட முடியாது.

நான் வரைய நினைப்பது வேறொன்றை.

ஜனவரி. லாஹ்தி நகரம். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
அட்டைகளை அமுக்கிக் கட்டும் இயந்திரத்தின் தொண்டை அடைத்துக்கொண்டது.
மெரிகே மின்சாரத்தை நிறுத்தினாள்.
நிறுத்திய கைப்பிடியில் தன் சிவப்புப் பூட்டை மாட்டினாள்.
உள்ளே புகுந்து
நைலான் கயிற்றை அறுத்து அறுத்து எடுத்தாள்.
முடிந்தபோது மணி பத்து. பத்து ஐந்துக்குக் கடைசிப் பஸ்.
சாவி அவள் கோட்டுப் பையிலேயே வீட்டுக்குப் போய்விட்டது.

இரவு ஷிப்டில் பதினோரு பேர்.
எதிரே ஒரு பூட்டு.
அதில் அவள் புகைப்படம், கீழே அச்சிட்ட வரி:
'நான் உள்ளே இருக்கிறேன்.'

அவள் உள்ளே இல்லை. எல்லோருக்கும் தெரியும்.
டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்தாயிற்று.
பூட்டை வெட்டும் பெரிய கத்தரி
சுவரில்தான் தொங்குகிறது.
போனில் மேலாளர்:
'மணிக்கு எத்தனை டன் போகிறது, தெரியுமா?'
புதுப் பையன் எல்மெரி சிரித்தான்:
'அவள் இந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள்.'

ஓஸ்கரி எழுந்துபோய்க் கத்தரியை எடுத்தான்.
எடுத்து, தரையில் போட்டு,
அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.
'உயிர் போகிற அவசரமா என்ன?'

முன்பு வேலை பார்த்த ஆலையில்
'எல்லோருக்கும் தெரியும்' என்று ஒருமுறை வெட்டினார்களாம்.
அதற்கு மேல் அவன் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
காப்பி இயந்திரம் மட்டும் ஓடியது.

போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறவள் அவள்.
பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிக் கதவைத் தட்டச் சொன்னோம்.
பன்னிரண்டே காலுக்கு வந்தாள்,
பைஜாமாவுக்கு மேல் பனிக்கால்சட்டை,
புருவத்தில் பனித்தூள்.
எஸ்தோனிய மொழியில் வாய் ஓயாமல்
தன்னையே திட்டிக்கொண்டு.
விரல் விறைத்து, சாவி இரண்டு முறை வழுக்கியது.
ஒருவரும் உதவிக்குக் கை நீட்டவில்லை.

க்ளிக்.
பெல்ட் நகர்ந்தது.
ஒரு பீட்சா பெட்டி முதலில் போயிற்று.

இரண்டு மணி பத்து நிமிடம்.
மேலாளர் கணக்கில் அதன் பெயர் இழப்பு.
என் வரைபடத்தில் அதற்கு நிறமே இல்லை.
நடக்காததற்கு
எவ்வளவு உயரத்தில் கோடு போடுவது?
ஐந்தாவது பத்தி ஒன்று சேர்த்தேன், அழித்தேன்,
மறுபடி சேர்த்தேன்.
இப்போதைக்குத் தலைப்பு மட்டும் இருக்கிறது:
'சாவிக்காகக் காத்திருந்தோம்.'

வெளியே ஒரு லாரி
பீப், பீப் என்று பின்னோக்கி வருகிறது.
அதில் கேமரா உண்டு, கண்ணாடி உண்டு,
வழிகாட்ட ஓர் ஆளும் உண்டு. தெரியும்.
இருந்தாலும் எழுந்து
ஜன்னலுக்குப் போகிறேன்.