கோடு விழாமல்

இருபது வருஷம் கடலில் கிடந்த பலகை
அரை பக்கெட் தண்ணீருக்கு உப்பிக்கொள்கிறது.
சொன்னால் ஜரினா நம்பவில்லை.
கதவோரம் எழும்பி நிற்கும் விளிம்பைக்
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு
"அப்போ கடல்ல இன்னா பண்ணுச்சாம்?" என்றாள்.

காசிமேட்டில் உடைத்த விசைப்படகின் மேல்தளம் இது.
யாருடைய படகோ.
எடைக்கு வாங்கி, மீன்பாடி வண்டியில்
மூன்று நடை அடித்தார் சேசடிமை.
டைல்ஸ் கேட்டவளுக்கு அயினிப் பலகை வந்தது.
ஆணி பிடுங்கிய ஓட்டைகளை
மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தோம்.
இழைக்கிற மெஷின்காரன்
கட்டிலுக்கு அடியில் போக மாட்டேன் என்றுவிட்டான்.
அங்கே ஒரு பலகையில் இன்னும்
நீலப் பெயிண்டில் 'ன்னை' என்றிருக்கிறது.
அன்னையோ, சென்னையோ, புன்னையோ.

முதல் மாதம் பினாயில்.
காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாய்த் தடம்,
ராத்திரி முழுக்க நத்தை ஊர்ந்த மாதிரி.
அடுத்து சோப்புத்தூள்.
ஒரு கைக்கு இரண்டு கை போட்டால்
இரண்டு மடங்கு சுத்தம் என்று நினைத்தேன்.
நடந்தால் தரை உள்ளங்காலைப் பிடித்து இழுத்தது.
யாரோ தேங்காயெண்ணெய் என்றார்கள்.
மின்னியது, அய்யோ, என்ன மின்னல்!
வழுக்கி விழுந்த சேசடிமை
மூன்று நாள் தொழிலுக்குப் போகவில்லை.
அந்த மூன்று நாள் கூலியையும்
தரை பேரில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது தெரியும்.
தூசிதான் பாதி வேலை.
எங்கள் தெருத் தூசி லேசுப்பட்டதில்லை.
துறைமுகத்து லாரிகள் சிந்துகிற கரி
உப்புக்காற்றில் ஏறி,
மூடின ஜன்னலுக்குள்ளும் வந்து உட்காரும்.
அதன்மேல் ஈரத்துணி பட்டால் மை.
பூந்துடைப்பத்தை அழுத்தாமல்
சுவரிலிருந்து வாசலுக்குக் கொண்டுவர வேண்டும்.
அப்புறம் துணி, பழைய வேட்டி.
துண்டு என்றால் நூல் விடும்.
முறுக்கு. இன்னொரு முறை முறுக்கு.
மணிக்கட்டில் சொட்டு இறங்கினால் இன்னும் ஒரு முறை.
தண்ணீர் இருந்ததைத் துணி
மறந்துகொண்டிருக்கும்போது கீழே வை.
மரம் ஓடுகிற பக்கமே நீயும் ஓடு.
குறுக்கே போனால்
சாயங்காலம் காட்டிக்கொடுத்துவிடும்.

நாலரை மணி இருக்கும்.
எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு சாண் வெயில் படுத்தபடி உள்ளே வரும்.
நானும் படுத்துக்கொள்வேன்,
பலகையில் கன்னம் வைத்து, ஒரு கண்ணை மூடி.
நின்று பார்த்தால் எல்லாத் தரையும் சுத்தம்தான்.
முதல் தடவை அப்படிக் கிடந்தபோது
என் மகன் இன்ஃபன்ட்
"அம்மா வுயுந்துட்டா!" என்று கத்திக்கொண்டு ஓட,
ஜரினா சோடாவோடு வந்தாள்.
பாதி சோடா தரையில்.
அன்றைக்குக் கோடே இல்லாமல் துடைத்திருந்தேன்,
யாரிடம் சொல்வது?

நாற்காலிக் கால்களுக்கு
அவனுடைய போன வருஷத்துப் பள்ளிக்கூட சாக்ஸ்.
அதில் ஒன்று மட்டும் வேறு நிறம்.

டிசம்பரில் சாக்கடையும் மழையும் சேர்ந்து
கணுக்கால் வரைக்கும் ஏறின.
தெருவே டிவியையும் கிரைண்டரையும் மாடிக்குத் தூக்கியது.
கட்டில்மேல் உட்கார்ந்து இருட்டில் கேட்டேன்.
டக்.
கொஞ்சம் கழித்து, வேறு மூலையில், டக்.
விடிந்தபோது நாலு பலகை மிதந்துகொண்டிருந்தன.
சேசடிமைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
எனக்கு அழுகைகூட வரவில்லை, கோபம்தான்.
நாற்றம் போகக் கழுவி,
மொட்டைமாடி நிழலில் பன்னிரண்டு நாள் காயவைத்து,
திரும்ப அறைந்தோம்.
கதவோரத்துப் பலகை மட்டும் படியவே இல்லை.

இன்றைக்குத் துடைத்து முடித்து
துணியை உதறும்போது வந்துவிட்டார்.
கையில் பை, பையில் காரப்பொடி,
பைக்கு அடியில் சொட்டு.
வாசற்படியில் ஒற்றைக்காலில் நின்று
"காஞ்சிச்சா?" என்றார்.
"பத்து நிமிஷம் ஆகும்."

அஞ்சே நிமிஷத்தில் காய்ந்துவிடும்.
அவருக்குத் தெரியாது.