பிழை ஒலி

தோஹா. நான்காம் தளம்.
இடுப்பில் பட்டை, தொடையில் பட்டை.
எனக்கு முன் நடந்த கத்தாரிக்காரரின் உயரம்
இன்னும் இயந்திரத்தில் இருக்கிறது;
மரிசெல் இரண்டு துளை குறைக்கிறாள்.

காப்பீடு பன்னிரண்டு தடவைக்கு.
இது பதினொன்று.

மோட்டார் முனக, முழங்கால் மடங்குகிறது.
யாரோ என்னை நடக்கிறார்கள்.
சாரத்திலிருந்து விழுந்தபோதும் இப்படித்தான்,
எனக்குச் சம்பந்தமில்லாமல்
கால்கள் எங்கோ போய்க்கொண்டிருந்தன.

ஜன்னலோரம் திரும்புகையில்
கீச்சென்று கத்தியது.
திரையில் சிவப்பு: பிழை.
இடது கால் முந்திவிட்டதாம்,
அதன் கணக்குக்கு அரை நொடி முன்னால்.

"நீயா, மிஸ்டர் இருள்?"
(இருளப்பன் அவள் நாக்கில்
அவ்வளவுதான் ஏறியது.)

தெரியவில்லை.
சாக்ஸ் நனைந்திருந்தது.

ஒலியை மட்டும் அணைத்துவிட்டு
எதிர்ச்சுவரைக் காட்டினாள்:
இன்னொரு தடவை தப்புப் பண்ணு.